நாலு சென்டிமீட்டர் காயம்

எக்ஸ்ரே இல்லை அக்கா, கட்டுரைகள். ஆஸ்பத்திரிக் கவர் பெரிதாக இருந்ததால் அதிலேயே போட்டு எடுத்து வந்துவிட்டேன். நீங்கள் பயப்பட வேண்டாம், எனக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்குத்தான் ஆபரேஷன். நுரையீரலில் புற்றுநோய். நாற்பத்தொரு நாள் ஆகிறது. நன்றாக இருக்கிறாள். அதை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள், அதுதான் பிரச்சினை.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த பஸ் ஊர் ஊராக நுழைந்து போய்ச்சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும் என்று கண்டக்டரே சொல்லிவிட்டார்.

எங்கள் வீடு பள்ளிபாளையத்தில். அப்பாவுக்கு விசைத்தறிப் பட்டறை, வீட்டுக்குப் பின்னாலேயே. நான் யுனிவர்சிட்டியில் புள்ளியியலில் பி.எச்.டி. செய்கிறேன். வெள்ளிக்கிழமை வைவா, கடைசி வாய்மொழித் தேர்வு. அதற்குப் பிறகு பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொள்ளலாம். எங்கள் அத்தைக்கு அது ஏறவே ஏறாது. "ஊசி போடத் தெரியாத டாக்டரு என்ன டாக்டரு கண்ணு" என்பாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, பழனியம்மாள். இப்போது அவள் வீட்டுக்குத்தான் போகிறேன். அம்மா அங்கேதான் இருக்கிறாள். இருக்கிறாள் என்ன, கூட்டிக்கொண்டு போய்விட்டாள் அத்தை. ஆபரேஷன் ஆன இருபத்து நாலாம் நாள். நான் யுனிவர்சிட்டிக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து.

அம்மாவுக்கு இரண்டு மாதமாக இருமல். பஞ்சுத் தூசிதான், பட்டறை வீட்டில் யாருக்குத்தான் இருமல் இல்லை என்றார் அப்பா. நான்தான் சண்டை போட்டு ஸ்கேன் எடுக்க வைத்தேன். வலது பக்க நுரையீரலில் மேல் மடலில் ஒரு கட்டி, இரண்டு சென்டிமீட்டர். வலது நுரையீரல் மூன்று பகுதியாக இருக்கும் அக்கா, அதைத்தான் மடல் என்பது. கட்டி இருக்கிற மடலை முழுசாக எடுத்துவிட வேண்டும். ஆரம்ப நிலை, எடுத்துவிட்டால் அநேகமாகப் போதும் என்றார் டாக்டர். கேள்விப்பட்டு வந்த சொந்தக்காரர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? "பீடி சிகரெட்டுப் புடிக்கிற ஆம்பளைங்களுக்கல்ல இது வரும், உனக்கெப்படி வந்துச்சு வசந்தா?" அம்மாவிடமே கேட்டார்கள். அவள்தான் விளக்கம் தரக் கடமைப்பட்டவள் மாதிரி. இந்தக் கூட்டத்தோடுதான் நான் வாதாட வேண்டியிருந்தது.

எதைப் பற்றி வாதமா? எப்படி எடுப்பது என்பதைப் பற்றி. பழைய முறையில் விலாவுக்கு நடுவே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து, எலும்பை விரித்து, கையை விட்டு எடுப்பார்கள். இப்போது கேமரா வந்துவிட்டது. பக்கவாட்டில் மூன்று சின்னத் துளை போட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே எடுக்கலாம். இல்லாவிட்டால் ஒரே ஒரு துளை, நாலு சென்டிமீட்டர், அதன் வழியாகவே கேமராவும் கருவியும் எல்லாமும். ரோபோவை வைத்துச் செய்கிற ஆஸ்பத்திரியும் இருக்கிறது. நான் மூன்று வாரம் ராப்பகலாக உட்கார்ந்து பதினெட்டுக் கட்டுரை படித்தேன். என் ஆய்வேட்டுக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. ஒரு துளை என்று முடிவு செய்தேன்.

ஈரோட்டில் நாங்கள் பார்த்த டாக்டர் அருளானந்தம் நல்ல மனிதர்தான், ஆனால் பழக்கத்துக்கு அடிமை. "நான் மூணு துளையிலதான் நிறையப் பண்ணியிருக்கேம்மா, கை அதுல பழகியிருக்கு" என்றார். உங்கள் பழக்கம் ஒரு சான்று ஆகாது சார் என்றேன். சிரித்தார். "திறந்து பண்றதுக்கும் கேமராவுல பண்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. வலி குறையும், சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். ஆனா துளை மூணா ஒண்ணாங்கறதுல பேஷண்ட்டுக்குப் பெருசா ஒண்ணும் வித்தியாசம் தெரியாது" என்றார். நான் கட்டுரைகளை எடுத்து மேஜையில் வைத்தேன். அதில் பன்னிரண்டு கட்டுரை அவர் சொன்னதையேதான் சொல்லின, உண்மைதான். ஆனால் அவற்றை நான் ஏற்கெனவே தள்ளி வைத்திருந்தேன். மாதிரி எண்ணிக்கை போதாது. மிச்சம் ஆறு என் பக்கம்.

அப்பா வாயைத் திறந்தார். திறந்தால் தறிதான் வரும். "கை பழகுனவன் எப்படிப் பண்ணுவானோ அப்படியே பண்ண வுடு புள்ள. பாவு பூட்டறவங்கிட்ட போயி இந்தக் கையில பூட்டு, அந்தக் கையில பூட்டுன்னா நூலு அறுந்துதான் போகும்" என்றார். அம்மா என்ன பாவு நூலா? டாக்டர் முன்னால் மானமே போய்விட்டது.

அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டில் ஒரு பட்டிமன்றம், நடுவர் இல்லாத குறைதான். அப்பா, சித்தப்பா, அத்தை, பக்கத்துப் பட்டறை மாமா, நான். மாமாவுக்கு ரோபோ வேண்டும். "மிஷினு தப்பே பண்ணாது" என்கிறார், மிஷின் தானாகவே எழுந்து நடந்து வந்து ஆபரேஷன் செய்யும் என்று நினைப்பு. சித்தப்பாவுக்கு எதுவானாலும் சரி, ஆனால் வளர்பிறையில் செய்ய வேண்டும். அத்தைதான் திறந்து செய்யச் சொல்லி ஒரே பிடிவாதம். "நல்லாத் தொறந்து பாத்து எடுக்கட்டுமே கண்ணு. வெளிய எத்தன ஓட்ட போட்டா என்ன, உள்ளார எடுக்கறது அதே அளவுதான?" என்றாள். இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியுமா? ஒவ்வொருவரையும் மடக்கினேன். இரண்டு மணி நேரம். தொண்டை கட்டிவிட்டது. அம்மாவும் இருந்திருந்தால் அவளுக்கும் விளங்கியிருக்கும். அவள் எல்லோருக்கும் போண்டா போட்டுக்கொண்டிருந்தாள், அதனால் கலந்துகொள்ள முடியவில்லை.

அவளுக்கு விளங்கவில்லை என்பது மறுவாரம்தான் தெரிந்தது. கையெழுத்துப் போடப் போனபோது டாக்டர், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமாம்மா?" என்றார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்.

"பெருசாத் தொறந்து பண்ணுனா எத்தன நாள் படுத்திருக்கணுமுங்க டாக்டர்?"

"ரெண்டு மாசம், மூணு மாசம் ஆகும்மா, பழையபடி ஆக."

"சின்னதுன்னா?"

"ஆளுக்கு ஆள் மாறும். மூணு நாலு வாரத்துல லேசான வேலையெல்லாம் பாத்துக்கலாம்."

அம்மா விரலை மடக்கி எண்ணினாள். அப்புறம், "அப்ப பெருசாவே பண்ணிருங்களேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. என்னமோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்காதவர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் பெரிய காயம் என்கிற எண்ணம் இருக்கும் சார், அத்தை வேறு மனசைக் கலைத்து வைத்திருக்கிறாள் என்று நானே விளக்கினேன். அம்மா பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். எட்டாவது வரைக்கும்தான் படித்தவள், அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்வது.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். வெளியே வந்த டாக்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லபடியா முடிஞ்சது. ரத்தக்குழாய்கிட்ட இடமே இல்ல, இன்னொரு துளை போட்டிருந்தா ஒரு மணி நேரம் மிச்சமாயிருக்கும்" என்றார். ஆனால் ஒரு துளைதானே சார் என்று கேட்டேன். "ஒரு துளைதாம்மா" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஜெயித்தவளைப் பார்க்கக்கூட அங்கே ஆள் இல்லை.

கட்டியைச் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துச் சோதித்தார்கள். எதிலும் பரவவில்லை, கீமோ தேவையில்லை. மூன்றாம் நாள் விலாவில் இருந்த குழாயை எடுத்தார்கள். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள், மூச்சை இழுத்தால் பந்து ஒவ்வொன்றாக மேலே ஏறும். அம்மாவுக்கு ஒன்றரைப் பந்துதான் ஏறியது. நான் பக்கத்திலேயே நின்று இன்னொன்று, இன்னொன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நர்ஸே வந்து, "அவங்க கொஞ்சம் தூங்கட்டும்ங்க" என்றாள். ஐந்தாம் நாள் வீடு. திறந்து செய்திருந்தால் நடந்திருக்குமா?

அப்புறம் ஊரே பார்க்க வந்தது. உங்களுக்குத் தெரியாததா, ஹார்லிக்ஸ், சாத்துக்குடி, அது முடிந்ததும் எல்லாப் பெண்களும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எங்க, காயத்தக் காட்டு பாக்கலாம்." பார்த்தால்தான் வியாதியை நம்புவார்கள். ஒருத்தி தன் சிசேரியன் தழும்பு எவ்வளவு நீளம் என்று விரலால் அளந்து காட்டினாள். இன்னொருத்தி கர்ப்பப்பை எடுத்த கதை. அம்மாவுடையதைப் பார்த்ததும் எல்லோருக்கும் முகம் விழுந்துவிடும். "இவ்வளவுதானா? கரப்பான் கடிச்சாப்பல இருக்குது. நாங்க என்னமோ ஏதோன்னு ஓடி வந்தோம்." நான் விடுவேனா? இதுதான் விஞ்ஞானம் என்று வகுப்பே எடுத்தேன். யார் வந்தாலும் நானே அம்மாவின் கையைத் தூக்கிக் காட்டுவேன். அக்குளுக்குக் கொஞ்சம் கீழே அந்தக் காயம், கையை நன்றாகத் தூக்கினால்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் தூக்கு அம்மா, அவங்களுக்குத் தெரியலை என்பேன். தூக்குவாள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவாள். தோளுக்கு அது நல்ல பயிற்சியும்கூட.

அந்தக் காயத்தைப் பார்த்துவிட்டுப் போன ஒருவருக்காவது அம்மா பெரிய ஆபரேஷன் ஆனவள் என்கிற நினைப்பு இருந்ததா? இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். பக்கத்து வீட்டு அக்கா பத்தாம் நாளே, "வசந்தா, உன் கைப் பக்குவத்துல கொஞ்சம் ஊறுகா போட்டுக் குடேன்" என்கிறாள். வெட்கமே இல்லாத ஜனங்கள்.

நான் முறையாக ஒரு அட்டவணை தயாரித்தேன். எந்த நாள் எவ்வளவு நடக்க வேண்டும், எந்த நாள் எவ்வளவு தூக்கலாம், எல்லாம் கட்டுரைகளின் சராசரியை எடுத்துப் போட்டது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பதினாலாம் நாள், லேசான சமையலறை வேலை. அப்படித்தான் போட்டிருந்தேன், லேசான என்று. அதற்கு அடியில் கோடுகூடப் போட்டேன்.

எங்கள் வீட்டில் மத்தியானம் சாப்பாடு வீட்டு ஆட்களுக்கு மட்டும் இல்லை அக்கா, தறி ஓட்டுகிற நாலு பேருக்கும் சேர்த்து. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அம்மாதான். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் கடையில் வாங்கினோம். அப்புறம் தறிக்காரர்கள் வயிறு எரிகிறது என்றார்கள். ஒருநாள் காலையில் அப்பா என்னிடம், "ரெண்டு மாசத்துக்கு நீதான் பாத்துக்கயேன் புள்ள" என்றார்.

நான் சும்மா இருப்பேனா? ஏன் நான்? பெண் என்பதாலா? நீங்கள் ஏன் செய்யக் கூடாது? தறிக்காரர்களே ஏன் பொங்கிக்கொள்ளக் கூடாது? வைவாவுக்குத் தயாராகிற நேரத்தில் ஒரு ஆணைப் பார்த்து இப்படிக் கேட்பீர்களா? ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முக்கால் மணி நேரம் ஆனது அவரை ஒப்புக்கொள்ள வைக்க. ஒப்புக்கொண்டு நிமிர்ந்தபோது உள்ளே குக்கர் விசில் அடித்தது. அம்மா உலை வைத்துவிட்டாள்.

அது அவளாகச் செய்தது. நான் ஒரு தடவைகூட அவளைச் சமைக்கச் சொன்னதில்லை. அத்தை என்னிடம் அதைப் பற்றிக் கேட்டால் இதைத்தான் சொல்லப் போகிறேன். இன்றைக்கு என்னம்மா என்று கேட்பேன், அது பசியில் எல்லோரும் கேட்பது.

அவள் ஒன்றுமே சொல்லவில்லையா என்றால், சொன்னாள். ஜாக்கெட் பட்டால் எரிகிறது என்றாள், வலது பக்கம் மரத்துப்போய் இருக்கிறது, ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றாள். அது விலா நரம்பு அம்மா, கட்டுரையில் இருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். "கட்டுரையில இருக்குதா, அப்பச் சரி" என்றாள். எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டாள் பாருங்கள். பேச்சுதான் கொஞ்சம் துண்டு துண்டாக வரும். பாதி வாக்கியம், ஒரு மூச்சு, மிச்ச வாக்கியம். ஒரு மடல் போய்விட்டதல்லவா, மிச்ச இரண்டும் விரிந்து இடத்தை நிரப்ப நாளாகும்.

இப்படி எல்லாம் அட்டவணைப்படி போய்க்கொண்டிருந்தபோதுதான் அத்தை வந்தாள். ரசம் தாளித்துக்கொண்டிருந்த அம்மா பாதியில் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். கரண்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அத்தை அப்பாவிடம் கேட்டாளாம், "வெளிய தெரியற காயத்துக்குத்தான் உங்கூட்ல லீவு உடுவீங்களாடா செங்கோடா?" இது ஒரு பேச்சா? அப்பா அதற்கும் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார், வேறென்ன தெரியும். நாலு புடவையை ஒரு பையில் திணித்து, வாடகைக் கார் வைத்து அழைத்துப் போய்விட்டாள். நான் சாயங்காலம் வந்து பார்த்தால் வீட்டில் ரசம் மட்டும் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யாருடைய அனுமதியின் பேரில்? எந்த அடிப்படையில்? போன் போட்டுக் கேட்டேன். அம்மாதான் எடுத்தாள். "நங்கையா வூட்ல கொஞ்ச நாள் இருக்கறேன் சாமி" என்றாள். நாத்தனாரை நங்கையா என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

கொஞ்ச நாள் என்றாள். பதினேழு நாள் ஆகிவிட்டது. தினமும் போன் செய்கிறேன். பந்து எத்தனை ஏறுகிறது என்று கேட்டால், "ஏறுது ஏறுது" என்கிறாள். எண்ணிக்கை சொல்ல மாட்டேன் என்கிறாள். அங்கே என்னதான் செய்கிறாய் என்றால், "தூங்கறேன்" என்கிறாள். பகலிலுமா? "பகல்லயும்."

என்னால் பொறுக்க முடியவில்லை. அதுவும் வெள்ளிக்கிழமை வைவா. எங்கள் துறையில் ஒரு வழக்கம், வைவா முடிந்ததும் ஆராய்ச்சி மாணவர்தான் எல்லோருக்கும் சாப்பாடு போட வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளர், என் நெறியாளர், பேராசிரியர்கள், ஆபீஸ் ஆட்கள், ஜூனியர்கள், நாற்பது பேர் வரும். மற்றவர்கள் ஹோட்டலில் பார்சல் வாங்கிப் போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்வார்கள். நான் இரண்டு வருஷமாகவே சொல்லி வைத்திருக்கிறேன், என் வைவாவுக்கு அம்மா கையால் பள்ளிபாளையம் சிக்கன் என்று. நெறியாளர் போன வாரம்கூட ஞாபகப்படுத்தினார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. அவள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை அக்கா. சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்க இரண்டு ஜூனியர்கள் வருகிறார்கள். மிளகாய் கிள்ளிக் கொடுக்க ஒருத்தி. அம்மா அடுப்புப் பக்கம் நின்று பக்குவம் மட்டும் பார்த்தால் போதும். நாற்பத்தொரு நாள். அட்டவணையில் எல்லாமே முடிந்துவிட்டது, நாற்பதாம் நாளுக்கு மேல் நான் கட்டமே போடவில்லை. ஒரு மகள் டாக்டர் ஆகிற நாளில் அம்மா வீட்டில் இருக்க வேண்டாமா? இதில் வாதத்துக்கே இடமில்லை. இருந்தாலும் அத்தைக்காகக் கட்டுரைகளை எடுத்து வந்திருக்கிறேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் அடித்திருக்கிறேன், தமிழில் நானே படித்துச் சொல்லிவிடுவேன்.

காலையில் பஸ் ஏறும்போது போன் செய்தேன். அம்மா, "நீ வூடு வரைக்கும் வர வேண்டாம் கண்ணு, நானே ஸ்டாப்புக்கு வந்தர்றேன். பேசிட்டு நீ அதே பஸ்ஸுலயே திரும்பிரலாம், உனக்குப் படிக்கற வேலை இருக்குமல்ல" என்றாள். பார்த்தீர்களா, கிளம்பத் தயாராக இருக்கிறாள். சண்டை வேண்டாம் என்று வெளியிலேயே வந்து ஏறிக்கொள்ளப் பார்க்கிறாள். எனக்கு அம்மாவைத் தெரியாதா.

என்ன, நிறுத்திவிட்டார்? ரயில்வே கேட் போட்டுவிட்டார்களா. ஸ்டாப் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான், இறங்கி நடந்துவிடலாம் என்றால் கண்டக்டர் கதவைத் திறக்க மாட்டார். கூட்ஸ் வண்டி போலிருக்கிறது, மெதுவாகத்தான் வரும்.

அதோ, அக்கா. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், புளியமரத்துக்குக் கீழே வருகிறார்கள் பாருங்கள். குடை பிடித்திருப்பது அத்தை. பக்கத்தில் அம்மா. எப்படி நடக்கிறாள் பாருங்கள். அத்தை வீடு இங்கிருந்து அரைக் கிலோமீட்டர் இருக்கும், வெயிலில் நடந்தே வந்திருக்கிறாள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? என் கட்டுரைகளே தேவையில்லை.

கையில் பை இல்லை. அத்தை கையிலும் இல்லை. வீட்டிலேயே வைத்திருப்பார்கள், அப்புறம் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம்.

நின்றுவிட்டாள். மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அத்தை பாருங்கள், ஒன்றுமே சொல்லாமல் அவளும் நிற்கிறாள். வா, இன்னும் பத்தடிதான் என்று சொல்ல வேண்டாமா பக்கத்தில் இருக்கிறவர்கள்? சொன்னால்தானே நடப்பாள். இப்போது வருகிறாள். வருகிறாள். இல்லை, வாய்க்கால் பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை குடையை அவள் பக்கம் சாய்த்துப் பிடிக்கிறாள். என்னமோ சொல்கிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அம்மா விலாவைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

பஸ்ஸைப் பார்த்துவிட்டாள். கை காட்டுகிறாள். எழுந்திருக்கவில்லை பாருங்கள். பக்கத்தில் சுவரைத் தட்டிக் காட்டுகிறாள், நான் வந்து உட்கார வேண்டுமாம்.

இது என்ன அக்கா. போகிற வருகிறவர்கள் பார்க்க, ரோட்டோரம், நோயாளி மாதிரி. இப்படி உட்காருகிற ஆளே இல்லை அவள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் பத்தொன்பது நாள் இருந்தாள், ஒரு நாள்கூட அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவ்வளவு நன்றாக இருந்தாள்.